தோட்டப் பட்டணத்தில் இருந்து வாரம் ஒரு சிரிப்புப் பாட்காஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், நண்பர்கள் சிலர் சேர்ந்து வாரம் ஒரு முறை நகைச்சுவை பாட்காஸ்ட் செய்கிறோம். ஒட்டுக்கடை, கோயில் திருவிழா, கல்யாண விருந்து என்று போகிற இடமெல்லாம் "எப்படிண்ணே செய்றீங்க?" என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். பீடோர், பாகான் செராய், பெஸ்தாரி ஜெயா என்று எந்தத் தோட்டப் பட்டணத்தில் இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும். கோலாலம்பூரில் ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்க வசதி இருப்பவர்கள் ஒலிப்பதிவுப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

எத்தனை பேர் இருந்தால் நல்லது?

மூன்று பேர். இரண்டு பேர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் கடையைச் சாத்த வேண்டியதுதான். நான்கைத் தாண்டினால் யார் பேசுகிறார் என்று கேட்பவருக்குப் பிடிபடாது. மேடையில் முகம் இருக்கிறது, இங்கே குரல் மட்டும்தான் அடையாளம். அண்ணன் தம்பி இருவரும் இருந்தால் இன்னும் சிக்கல், இரண்டு குரலும் ஒன்று போலவே இருக்கும். பேச்சோடு பேச்சாக ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தோட்டத்தில் வளர்ந்த யாருக்குப் பட்டப்பெயர் இல்லை?

மூன்று பேருமே சிரிக்க வைப்பவர்களாக இருக்கத் தேவையில்லை. ஒருவர் கதை அளப்பவர், ஒருவர் "அது எப்படி?" என்று குறுக்கே கேட்பவர், ஒருவர் லேசில் சிரித்துவிடுபவர். இந்த மூன்றாமவரை யாரும் மதிப்பதில்லை, ஆனால் அவர் இல்லாவிட்டால் நிகழ்ச்சி செத்துவிடும். தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கேட்பவருக்குக் கூடச் சிரிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இவர்தான்.

வாராவாரம் கட்டாயம் வெளியிட வேண்டுமா?

வெளியிட முடியும் என்றால் மட்டும் வாராந்திரம் என்று சொல்லுங்கள். நாள், நேரம் இரண்டையும் முடிவு செய்துவிட்டு மாற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை காலை என்றால் எல்லா வெள்ளியும் காலைதான். கேட்பவர்கள் அதை ஒரு வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள்: தொழிற்சாலை பஸ், லோரிப் பயணம், துணி மடிக்கும் நேரம்.

தொடங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று எபிசோடுகளைப் பதிவு செய்து கையில் வைத்திருங்கள். தைப்பூசம், தீபாவளி, ஊர்க் கோயில் திருவிழா வரும் வாரங்களில் ஒருவர் காவடிக்கு உதவப் போயிருப்பார், ஒருவர் மாமியார் வீட்டில் இருப்பார். கையிருப்பு எபிசோடில் அந்த வாரச் செய்தி எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம்.

நீளம் முப்பதிலிருந்து நாற்பது நிமிடம் போதும். இங்கிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர் காரில் ஏறி இறங்குவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

என்னென்ன கருவி வாங்க வேண்டும்?

முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். மூன்று கைப்பேசிகளை மூன்று பேரும் ஆளுக்கொன்றாக வாயருகே, ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்தாலே கேட்கிற தரம் கிடைக்கும். ஒரே கைப்பேசியை மேசை நடுவில் வைப்பதுதான் கெடுதல். எல்லாரும் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் இருக்கும். அடுத்த படி, சட்டையில் மாட்டும் சின்ன மைக். ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும்.

காசு போட்டு மைக் வாங்கும் கட்டம் வந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கண்டென்சர் வகை மைக் நுணுக்கமானது. உங்கள் குரலோடு பக்கத்து வீட்டுத் தாளிப்பையும் பிடித்துக்கொள்ளும். டைனமிக் வகை எதிரே, அருகே இருப்பதை மட்டும் நன்றாக எடுக்கும். பார்க்கக் கண்டென்சர் பகட்டாக இருக்கும், நம் வீடுகளுக்கு டைனமிக்தான் சரி. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் சவுண்ட் சிஸ்டம் போடும் அண்ணனிடம் போய்ப் பாருங்கள். 1966இல் வந்து இன்றும் விற்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற மைக் அவரிடம் இரண்டு மூன்று தூங்கிக்கொண்டிருக்கும். வார நடுவில் இரவல் கேட்டால் கொடுப்பார், திருவிழா மாதத்தில் கேட்காதீர்கள். அதைக் கணினியோடு இணைக்க ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் சின்னப் பெட்டி) மட்டும் வாங்கினால் போதும்.

வீட்டைச் சுற்றிச் சத்தமாக இருக்கிறதே, எப்படிப் பதிவு செய்வது?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனை எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் அறையை மனத்தில் வைத்துச் சொல்வது. நமக்குத் தகரக் கூரை, அதன்மேல் சாயங்கால மழை. பேராக்கில் பிற்பகலில் மேகம் திரண்டால் பதிவைத் தொடங்காதீர்கள். தகரத்தில் மழை விழுந்துவிட்டால் அந்த ஒலியைக் குரலிலிருந்து சுத்தமாகப் பிரிப்பது கடினம். இரவு ஒன்பது மணிக்கு மேல் பெரும்பாலும் நல்ல நேரம். பள்ளிவாசல் பாங்கும் கோயில் ஒலிபெருக்கியும் முடிந்திருக்கும், ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு போவதும் இருக்காது.

காற்றாடியை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை. காற்றாடி சத்தம் காதுக்குப் பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை, மைக்குக்குத் தெரியும். குளிர்பெட்டி இருக்கும் சமையலறைப் பக்கம் உட்காராதீர்கள். சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலி எழுப்பும், அதனால் தலையணை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி இருக்கும் படுக்கையறையே நல்ல ஸ்டூடியோ. மேசையில் ஒரு பழைய துண்டை விரித்துவிடுங்கள். நகைச்சுவை பேசுகிறவர்களுக்கு மேசையைத் தட்டும் பழக்கம் கட்டாயம் இருக்கும்.

வீட்டில் ஆள் அதிகம் என்றால் நிறுத்திவைத்த கார் அருமையான இடம். இருக்கை, கூரைத் துணி எல்லாம் எதிரொலியை விழுங்கிவிடும். என்ஜினையும் ஏர்கானையும் அணைக்க வேண்டும், ஆகவே வெயிலில் முடியாது. இரவில் மூன்று இளைஞர்கள் செம்பனை ஓரம் காரில் உட்கார்ந்து உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தால் யாராவது வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வீட்டு வாசலில் நிறுத்தினால் நல்லது.

சேவல் கூவினால், தூரத்தில் நாய் குரைத்தால் விட்டுவிடுங்கள். ஊர் எது என்று அதுவே சொல்லும்.

நண்பன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவனை எப்படிச் சேர்ப்பது?

தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் அழைப்பைப் பதிவு செய்து போடாதீர்கள், இணையம் தடுமாறும்போது குரல் நெளியும். அழைப்பு பேசிக்கொள்வதற்கு மட்டும். பதிவை அவரவர் கைப்பேசியிலோ கணினியிலோ தனித்தனியாகச் செய்ய வேண்டும். தொடங்கும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி எல்லாரும் ஒரே நேரத்தில் கை தட்டுங்கள். எடிட் செய்யும்போது அந்தத் தட்டல் கூர்மையான முள்ளாகத் தெரியும், அதை வைத்து மூன்று பதிவுகளையும் நேராக்கலாம். இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் கொஞ்சம் விலகும், கையால் சரிசெய்யுங்கள். முடிக்கும்போதும் ஒரு தட்டு தட்டுங்கள். ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் இம்மியளவு வேறாக ஓடும், ஒரு மணி நேரம் போனால் நகைச்சுவைக்கு முன்பே சிரிப்பு வந்து நிற்கும். ரிவர்சைடு, ஜென்காஸ்டர் போன்ற இணையச் சேவைகள் இந்த வேலையைத் தாமே செய்துவிடும்.

இருவர் ஒரே அறையிலும் ஒருவர் தூரத்திலும் இருந்தால் மூவரும் இயர்போன் மாட்ட வேண்டும். இல்லையென்றால் தூரத்துக் குரல் ஸ்பீக்கர் வழியாக மறுபடி மைக்கில் நுழையும்.

எதைப் பற்றிப் பேசுவது? வாரா வாரம் விஷயத்துக்கு எங்கே போவது?

"இந்த வாரம் ஜாலியாகப் பேசலாம்" என்று உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வற்றிவிடும். விஷயம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 'கல்யாண விருந்து' என்பது பெரிய தலைப்பு. 'ஏழு மணி விருந்துக்கு ஏழு மணிக்கே போய்விட்ட மனிதர்' என்பது எபிசோடு. கோயில் நிர்வாகக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும் நேரம், பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) மாமியாரும் மருமகளும் ஒரே கடையில் எதிரெதிரே நின்றது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்து மணிக்குப் பூப்படம் அனுப்பும் பெரியப்பா. இதெல்லாம் நம் ஊரில் மண்ணை உதைத்தால் வரும்.

நிலையான பகுதி ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு பெரியவர் சொன்ன கதை, கேட்பவர்கள் அனுப்பிய குரல் பதிவு, இப்படி. கேட்பவர் எதிர்பார்ப்பார், உங்களுக்கும் கால் வைக்க இடம் கிடைக்கும்.

பெரியவர்களைக் கூப்பிட்டு வாருங்கள் என்பதை அழுத்திச் சொல்வேன். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதில் இருந்துதான் கம்யூனிஸ்டுப் போராளிகளை எதிர்த்து நாட்டில் அவசரகாலம் வந்தது. அதன் பிறகு பல இடங்களில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ரப்பர் காட்டுக்குச் சோறு கொண்டுபோகக்கூடத் தடை இருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று எண்பது வயது பக்கம். பயங்கரமான காலம்தான், ஆனால் பாட்டி தாத்தா வாயில் அது வரும்போது இடையிடையே என்ன குறும்பு! கிராணியை (தோட்டக் கணக்கர்) ஏமாற்றியது, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தூங்கி வழிந்தது, திறந்தவெளிப் படத்துக்காகப் பாய் போட்டு இடம் பிடித்தது. அவர்கள் பேசும்போது நீங்கள் ஜோக் அடிக்காதீர்கள். கேள்வி மட்டும் கேளுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதி வாசிக்கலாமா?

வேண்டாம். வாசிப்பது காதில் உடனே தெரிந்துவிடும். ஐந்தாறு குறிப்பு, முதல் வரி, கடைசி வரி போதும். முக்கியமான கதையைப் பதிவுக்கு முன் நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் முதல் தடவை சிரிக்கும் சிரிப்பு மைக்கில் விழ வேண்டும்.

எந்தத் தமிழில் பேசுவது?

நீங்கள் ஒட்டுக்கடையில் பேசும் தமிழில். நடுவில் மலாய் வரும், 'லா' வரும், வரட்டும். சினிமாவில் கேட்ட சென்னைப் பேச்சையோ மதுரைப் பேச்சையோ இரவல் வாங்கிப் பேசினால் இங்கே உள்ளவரும் சிரிக்க மாட்டார், அங்கே உள்ளவரும் சிரிக்க மாட்டார்.

ஊர்க்காரர்களைக் கிண்டல் செய்யலாமா?

இதற்குத்தான் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். பெரிய நகரத்தில் பேசுகிறவருக்குக் கேட்பவர் யாரோ ஒருவர். நம் ஊரில் கேட்பவர் நீங்கள் கிண்டல் செய்தவரின் மச்சான். "பேரைச் சொல்லவில்லையே" என்பது இங்கே செல்லாது. "எங்கள் தோட்டத்தில் ஒரு கிராணி இருந்தாரு" என்று தொடங்கினாலே முடிந்தது, அந்தத் தோட்டத்தில் இருந்ததே ஒரு கிராணிதான்.

நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இது: யாரைப் பற்றிய கதையோ அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இதே கதையை இதே மாதிரி சொல்வோமா என்று கேட்டுக்கொள்கிறோம். சொல்வோம் என்றால் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுகிறோம். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பது மட்டுமில்லை, நீங்கள் விட்ட பாதியையும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்க முடியாத நிலை என்றால் கதையைப் பிரித்துக் கட்டுங்கள். தோட்டத்தை மாற்றுங்கள், வேலையை மாற்றுங்கள், மாமாவை அத்தை ஆக்குங்கள், மோட்டாரை லோரி ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள். இதில் பாட்டிமார் கெட்டிக்காரர்கள்.

சில விஷயங்கள் எங்கள் நிகழ்ச்சியில் வராது. சாதி, தோல் நிறம், உடம்பு, குழந்தை இல்லாதது. பிறகு, குடிகாரர் ஜோக். மேடை நாடகக் காலத்திலிருந்து தள்ளாடி வந்து கொண்டிருக்கும் ஜோக் அது. சிரிப்பு சுலபமாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதைக் கேட்கிறவர்களில் குடிக்கிறவரின் மனைவியும் இருக்கிறார், நாம் சிரிக்கும் அதே நேரத்தில் அவர் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்கலாம். இன்று தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களின் பேச்சைப் பழித்துக் காட்டுவதும் வேண்டாம். நம் தாத்தாக்கள் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களையும் இப்படித்தான் பழித்தார்கள்.

வேறு யாரை ஓட்டுவது? உங்களை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொள்வதுதான் எப்போதும் வற்றாத சரக்கு. அதிலும் எல்லை உண்டு: சம்பளம், காதல் தோல்வி, வீட்டுச் சண்டை இதெல்லாம் சம்பந்தப்பட்டவரே எடுத்துக் கொடுத்தால் ஒழியத் தொடாதீர்கள்.

வெளியான பிறகு யாராவது மனம் நொந்து கேட்டால் வாதாடாமல் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். ஏற்கெனவே பதிவிறக்கியவர் கையில் பழையது இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

சட்டப்படி எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இனம், சமயம், அரச குடும்பம். இந்த மூன்றையும் வைத்து விளையாட வேண்டாம். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இணையத்தில் வெளியாகும் மிக மோசமான, மிரட்டும், பொய்யான உள்ளடக்கத்துக்கு எதிரானது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 500,000 வெள்ளி வரை, சிறை இரண்டு ஆண்டு வரை போகலாம். "சும்மா ஜோக்குக்குச் சொன்னோம்" என்ற பதிலை நம்பி இறங்காதீர்கள். தனி மனிதரைப் பற்றிப் பொய்யாகப் பேசினால் அவதூறு வழக்கும் வரலாம், பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் யார் என்று அடையாளம் தெரிந்தால் போதும். சின்னப் பிள்ளைகள் பேசினால் பெற்றோரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சினிமாப் பாட்டு போடலாமா?

கூடாது. "பத்து விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை" என்பது ஊரில் உலாவும் கதை, சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. மலேசியாவில் பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் இறந்து ஐம்பது ஆண்டு வரை உரிமை நீடிக்கும். யூடியூபில் போட்டால் அதன் தானியங்கி முறை உடனே பிடித்துவிடும். ஊரில் உறுமி மேளக் குழு இருக்குமே, அவர்களிடம் சொல்லி இருபது விநாடி சொந்தமாக அடித்துத் தரச் சொல்லுங்கள். அனுமதியை ஒரு செய்தியாக எழுதி வாங்கி வையுங்கள், நிகழ்ச்சியில் குழுவின் பெயரைச் சொல்லுங்கள். எந்தப் பாட்டும் தராத அடையாளம் கிடைக்கும்.

எடிட்டிங் எதில், எவ்வளவு?

ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், போதும். பதிவு தொடங்கும் முன் பத்து விநாடி யாரும் பேசாமல் இருங்கள். அந்த வெறும் அறைச் சத்தத்தை மாதிரியாகக் காட்டி இரைச்சலைக் குறைக்கலாம். அளவோடு செய்யுங்கள், மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள் போய்விடும்.

எழுபது நிமிடம் பேசி நாற்பது நிமிடம் வைப்பது எங்கள் வழக்கம். வெட்ட வேண்டியவை: தொடக்கத்து நலம் விசாரிப்பு, கதைக்கு முன் வரும் கதை, மூவருக்கு மட்டும் புரியும் பள்ளிக்கூட ஜோக், ஒரே ஜோக்கை இரண்டாம் முறை விளக்குவது. சிரிப்பை மட்டும் வெட்டாதீர்கள், நீண்டால் கொஞ்சம் குறைக்கலாம். யார் பேசியதை யார் வெட்டுவது என்பதில் பிணக்கு வரும். எடிட் செய்பவர் தன் பேச்சை முதலில் வெட்டட்டும்.

ஒலி அளவு -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று அளக்கும் அலகு), மோனோ, அதாவது ஒரே தடம் என்றால் -19. ஆடாசிட்டியில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. மோனோவாக 64 கேபிபிஎஸ் (ஒரு விநாடி ஒலிக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு) எம்பி3 ஆக்கினால் ஒரு மணி நேரம் 29 எம்பிதான் வரும். பிரிபெய்டு டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள் நம் கேட்பவர்கள், 128இல் போட்டால் அது இரட்டிப்பாகும்.

எங்கே ஏற்றுவது?

ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் என்ற பாட்காஸ்ட் ஏற்றும் தளம் இலவசம். அங்கே ஏற்றினால் ஓர் ஆர்எஸ்எஸ் முகவரி (புது எபிசோடு வந்ததை மற்ற செயலிகளுக்குத் தெரிவிக்கும் இணைப்பு) கிடைக்கும், அதை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்றவற்றில் ஒருமுறை கொடுத்துவிட்டால் பிறகு எல்லாம் தானாக நடக்கும். முகப்புப் படம் சதுரமாக, குறைந்தது 1400க்கு 1400 பிக்சல் இருக்க வேண்டும். கைப்பேசியில் அது தபால்தலை அளவில்தான் தெரியும், ஆகவே மூன்று பேர் முழு உருவப் படம் வேண்டாம். யூடியூபிலும் கட்டாயம் போடுங்கள். நம் அம்மா, பெரியம்மா எல்லாருக்கும் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

வீடியோவும் வேண்டுமா?

முழு நிகழ்ச்சிக்கு வேண்டாம். ஒரு நிமிடத் துண்டு ஒன்று டிக்டாக்குக்குப் போதும். கேமரா வைத்ததும் பையன்கள் தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்து பேச்சை மறந்துவிடுகிறார்கள்.

கேட்பவர்கள் குறைவாகவே இருக்கிறார்களே?

ஊரைவிட்டுப் போனவர்களைத் தேடுங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டம் ஆனபோது சிதறியவர்கள் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள், பழைய தோட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப் குழு வைத்திருப்பார்கள். லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பற்றிய ஓர் எபிசோடை அங்கே அனுப்பிப் பாருங்கள். இணைப்பை மட்டும் அனுப்பினால் திறக்க மாட்டார்கள், அரை நிமிடக் குரல் துண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இதில் பணம் வருமா?

விளம்பரக் காசு என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். உள்ளூர் கேட்டரிங், கார் பழுதுபார்க்கும் கடை, துணிக்கடை இவர்களிடம் மாதம் ஒரு சின்னத் தொகை கேட்கலாம், விளம்பரத்தையே நகைச்சுவையாகச் செய்து கொடுங்கள். கேட்பவர்களிடம் சிறு நன்கொடை வாங்குவதும் உண்டு. தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பிய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது, பத்து வெள்ளியை இங்கே யாரும் சாதாரணமாக நினைப்பதில்லை. வாங்கினால் கணக்கு எழுதுங்கள், மூவருக்கும் தெரியும்படி.

நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வந்தால்?

வரும். பெரும்பாலும் ஜோக்கினால் வராது, வேலைப் பங்கினால் வரும். ஒருவரே பதிவு, எடிட், படம், ஏற்றுவது எல்லாம் செய்துகொண்டு மற்றவர்கள் வந்து சிரித்துவிட்டுப் போனால் சில மாதங்களில் அவர் வாய் இறுகிவிடும். வேலையை மாதம் மாதம் சுழற்றுங்கள், எடிட் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுங்கள். கணக்கின் கடவுச்சொல் இருவரிடமாவது இருக்கட்டும். ஒருவர் விலக நினைத்தால் அவர் இருந்த எபிசோடுகள் அப்படியே இருக்குமா, நிகழ்ச்சியின் பெயர் யாருக்கு என்பதை உறவு நன்றாக இருக்கும்போதே பேசி, வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் பதிவுகளை அழித்துவிடலாமா?

வேண்டாம். வெட்டாத பதிவை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் தேதி போட்டு வையுங்கள், இன்னொரு பிரதி வேறு ஒருவர் வீட்டில் இருக்கட்டும். பெரியவர்கள் பேசிய பதிவென்றால் ஒரு பிரதியை பென்டிரைவில் போட்டு அவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் பிறகு கேட்டு வருவார்கள்.